கான்வென்ட்டுக்கு மட்டும் ஏன் விலக்கு?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எடுத்திருக்கிறது கொஞ்சம் சூடான விஷயம். வாட்ஸ்அப் குரூப்ல போட்டா ரெண்டே நிமிஷத்துல "நீ எந்தப் பக்கம்?"னு கேட்டுடுவாங்க. அதனால முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். பக்கம் தேர்ந்தெடுக்க அவசரப்படாதீங்க, முதல்ல கேள்வி என்னன்னு பார்த்துடலாம்.

கேள்வி இதுதான். உங்க ஏரியாவுல ரெண்டு தனியார் பள்ளி இருக்குன்னு வெச்சுக்கங்க. ஒண்ணு ஏதோ ஒரு அறக்கட்டளை நடத்துற மெட்ரிக் பள்ளி. இன்னொண்ணு ஒரு கிறிஸ்தவ சபை நடத்துற கான்வென்ட். ரெண்டுலயும் ஃபீஸ் ஏறக்குறைய ஒண்ணுதான். ஒரே கோச்சிங், ஒரே ஆண்டு விழா, ஒரே மாதிரி மஞ்சள் வேன். ஆனா பக்கத்துத் தெருவுல இருக்கிற ஒரு வீட்டு வேலை செய்யுற அம்மாவோட குழந்தை, முதல் பள்ளியில ஆர்.டி.இ. சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ரெண்டாவது பள்ளியில முடியாது. அந்தக் குழந்தை இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்தவரா என்பது பிரச்சினையே இல்ல. யாரா இருந்தாலும் முடியாது. ஏன்னா அந்தப் பள்ளி "சிறுபான்மைக் கல்வி நிறுவனம்". சட்டம் அதைத் தொடாது.

இது நியாயமா?

ஆர்.டி.இ. பத்தி ரொம்பச் சுருக்கமா. 2002ல 86வது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது, 21ஏ பிரிவு சேர்ந்தது. 6 முதல் 14 வயசு வரைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அடிப்படை உரிமை ஆச்சு. அதைச் செயல்படுத்த 2009ல சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் அமல். அந்தச் சட்டத்தோட 12(1)(சி) பிரிவுதான் நமக்கெல்லாம் தெரிஞ்ச "25 சதவீதம்". தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்புல 25 சதவீத இடத்தை அக்கம்பக்கத்து நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்குக் கொடுக்கணும். செலவை அரசு திருப்பிக் கொடுக்கும். தமிழ்நாட்டுல வீட்டுல இருந்து 1 கிலோமீட்டர், 2 லட்சம் ரூபாய்க்குள்ள ஆண்டு வருமானம், விண்ணப்பம் அதிகமானா குலுக்கல். அந்தக் குலுக்கல் நாளன்னிக்கு ஒரு பள்ளி வாசல்ல போய் நின்னு பாருங்க. எல்.கே.ஜி. சீட்டுக்காகச் சாமி கும்பிட்டுக்கிட்டு நிக்கிற அப்பா அம்மாக்களைப் பார்க்கலாம். எல்லா சாமியும் அங்க இருக்கும்.

சரி, விலக்கு எங்கிருந்து வந்தது? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச பகுதியும் அதுதான்.

அரசியலமைப்புச் சட்டத்தோட 30(1) பிரிவு ஒரே ஒரு வாக்கியம். மதம் அல்லது மொழி அடிப்படையிலான எல்லா சிறுபான்மையினருக்கும் தங்களுக்கு விருப்பமான கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நடத்தும் உரிமை உண்டு. அவ்வளவுதான். "மதம் அல்லது மொழி" என்பதைக் கவனிங்க. சென்னையில தெலுங்குக்காரங்க நடத்துற பள்ளி, குஜராத்திகள் நடத்துற பள்ளி, மலையாளிகள் நடத்துற பள்ளி எல்லாம் இதுக்குள்ள வரும். அதை நடத்துறவங்க பெரும்பாலும் இந்துக்கள்தான். பஞ்சாப்ல போனா இந்துக்களே மதச் சிறுபான்மை. அங்க ஆரிய சமாஜம் நடத்துற டி.ஏ.வி. கல்லூரிகள் 1971லயே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் இந்த 30வது பிரிவுப் பாதுகாப்பை வாங்கியிருக்காங்க. மேற்கு வங்கத்துல ராமகிருஷ்ண மிஷன், "நாங்க தனி மதம், எங்களுக்கும் சிறுபான்மை உரிமை வேணும்"னு கேட்டுச்சு. கல்கத்தா ஹைகோர்ட் ஒத்துக்கிச்சு. 1995ல சுப்ரீம் கோர்ட் "நீங்க இந்துக்கள்தான்"னு சொல்லி அனுப்பிடுச்சு. ஆக, இந்தச் சலுகை யாருக்கு இனிக்கும்னு கேட்டா, எல்லாருக்குமேதான்.

இப்போ 1957. கேரளாவுல ஈ.எம்.எஸ். தலைமையில கம்யூனிஸ்ட் அரசு. கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி, தானே ஒரு பேராசிரியர், இலக்கிய விமர்சகர். அவர் ஒரு கல்வி மசோதா கொண்டு வர்றார். அன்னைக்குக் கேரளாவுல பள்ளிகள்ல பெரும்பகுதி தனியார் கையில. சர்ச்சுகள், நாயர் சர்வீஸ் சொசைட்டி மாதிரி அமைப்புகள். ஆசிரியர்கள் நிலைமை மோசம். மேனேஜர் நினைச்சா வேலை, நினைச்சா நீக்கம். மசோதா என்ன சொன்னுச்சு? உதவி பெறும் பள்ளிக்கு ஆசிரியர்களை அரசுப் பட்டியல்ல இருந்துதான் எடுக்கணும். சரியா நடத்தலைன்னா பள்ளியை அரசு எடுத்துக்கும். ஆரம்ப வகுப்புகளுக்கு ஃபீஸ் வாங்கக் கூடாது.

பெரிய கொந்தளிப்பு. குடியரசுத் தலைவர் மசோதாவைக் கையெழுத்துப் போடாம சுப்ரீம் கோர்ட்டோட கருத்தைக் கேட்டார். 1958ல தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தலைமையிலான அமர்வு கருத்துச் சொன்னது. அதுல எனக்கு முக்கியமாப் படுறது மூணு இடம்.

ஒண்ணு, சிறுபான்மைப் பள்ளியில வெளி ஆட்கள் கொஞ்சம் பேர் சேர்ந்தா அதோட தன்மை போயிடாது. ரெண்டு, நிர்வகிக்கும் உரிமைன்னா மோசமா நிர்வகிக்கும் உரிமைன்னு அர்த்தம் இல்ல. நியாயமான விதிகளை அரசு போடலாம். மூணாவதுதான் இன்னைய சண்டைக்கு நேரா வருது. ஃபீஸ் வாங்கக் கூடாதுன்னு சொன்னா, அந்த இழப்பை யார் ஈடு செய்வாங்கன்னு மசோதாவுல இல்ல. எல்லாக் குழந்தைக்கும் இலவசக் கல்வி கொடுக்கிறது அரசோட கடமை. அந்தக் கடமையைச் சிறுபான்மையினர் செலவுல நிறைவேத்தக் கூடாது. அதனால அந்த விதி அந்தப் பள்ளிகளுக்குச் செல்லாதுன்னு கோர்ட் சொன்னது.

அதாவது, "ஏழைக் குழந்தையோட படிப்பு" ஒரு பக்கம், "சிறுபான்மையினரோட உரிமை" இன்னொரு பக்கம். 1958லயே இந்த ரெண்டும் ஒரே கோர்ட் ஹால்ல மோதிக்கிச்சு. (அந்த அரசு அடுத்த வருஷமே, விமோசன சமரம் என்கிற பெரிய போராட்டத்துக்குப் பிறகு, 1959 ஜூலை 31ல கலைக்கப்பட்டது. அது தனி எபிசோடுக்கான கதை.)

நடுவுல பல தீர்ப்புகள். 1991ல செயின்ட் ஸ்டீபன்ஸ் வழக்கு, 2002ல 11 நீதிபதிகள் உட்கார்ந்த டி.எம்.ஏ. பாய் வழக்கு, 2005ல இனாம்தார் வழக்கு. சட்டம் படிக்கிறவங்களுக்கு இதுல தூக்கமே வராது, மத்தவங்களுக்கு உடனே வந்துடும். நான் தாண்டிப் போறேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. தனியார் கல்லூரிகள்ல அரசு இட ஒதுக்கீடு திணிக்க முடியாதுன்னு இனாம்தார் தீர்ப்பு சொன்னதும், நாடாளுமன்றம் 93வது திருத்தம் கொண்டு வந்தது. 15(5) பிரிவு. தனியார் நிறுவனத்துலயும் ஒதுக்கீடு செய்யலாம், ஆனா சிறுபான்மை நிறுவனங்களைத் தவிர. "தவிர" என்கிற அந்த ஒரு வார்த்தையைத்தான் அப்புறம் எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க.

2012 ஏப்ரல்ல 25 சதவீத ஒதுக்கீடு செல்லும்னு சுப்ரீம் கோர்ட்ல மூணுக்கு ரெண்டு நீதிபதிகள் சொன்னாங்க. உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு. அதாவது, அரசுப் பணம் வாங்கினா நீயும் உள்ள வா, வாங்கலைன்னா வேண்டாம். அதே வருஷம் சட்டத்தையும் திருத்தி மதரஸாக்கள், வேத பாடசாலைகள் ரெண்டுக்கும் சேர்த்து விலக்கு கொடுத்தாங்க.

2014 மே 6. பிரமதி வழக்கு. ஐந்து நீதிபதிகள். இந்தத் தடவை கோடு ரொம்பத் தள்ளிப் போயிடுச்சு. உதவி பெறும் பள்ளி, பெறாத பள்ளி, ரெண்டுக்குமே ஆர்.டி.இ. சட்டம் பொருந்தாதுன்னு தீர்ப்பு. 25 சதவீதம் மட்டும் இல்ல, மொத்தச் சட்டமும்.

இதைக் கொஞ்சம் நின்னு யோசிக்கணும். ஆர்.டி.இ.ல 25 சதவீதம் தவிர என்னெல்லாம் இருக்கு? குழந்தையை அடிக்கக் கூடாது. எல்.கே.ஜி. சேர்க்க குழந்தைக்கோ பெற்றோருக்கோ இன்டர்வியூ வைக்கக் கூடாது. நன்கொடை வாங்கக் கூடாது. இத்தனை குழந்தைக்கு இத்தனை ஆசிரியர் இருக்கணும். ஆசிரியருக்குக் குறிப்பிட்ட தகுதி வேணும். இதுல எது ஒரு மதத்தோட, ஒரு மொழியோட தன்மையைக் கெடுக்கும்? பிரம்பால அடிக்காம இருந்தா எந்தப் பண்பாடு அழிஞ்சிடும்? அடிக்கிறதைத் தடுக்க வேற சட்டங்கள் இருக்கு, உண்மைதான். ஆனா பள்ளிக்கல்விக்குன்னே எழுதின சட்டத்தை மொத்தமா வாசலுக்கு வெளிய நிறுத்தினதுக்கு அந்தத் தீர்ப்புல போதுமான காரணம் இருக்கிறதா எனக்குத் தோணலை.

உதவி பெறும் பள்ளி விஷயம் இன்னும் உறுத்துது. தமிழ்நாட்டுல உதவி பெறும் பள்ளின்னா ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கிறது. அதாவது உங்க வரி, என் வரி, அந்த வீட்டு வேலை செய்யுற அம்மா சோப்பு வாங்கும்போது கட்டுற வரி.

இப்போ மறுபக்கம். இதை அரைகுறையாச் சொன்னா நான் நேர்மையா இல்ல.

"எல்லாருக்கும் ஒரே சட்டம், இவங்களுக்கு மட்டும் என்ன தனி?"ன்னு கேட்கிற எல்லாரும் ஏழைக் குழந்தையை நினைச்சுக் கேட்கிறதில்ல. சில பேருக்கு அந்தப் பள்ளி இருக்கிறதே பிடிக்கலை. 2024 மார்ச்ல அலகாபாத் ஹைகோர்ட், உத்தரப் பிரதேச மதரஸா சட்டத்தையே ரத்து பண்ணிச்சு. பல லட்சம் பிள்ளைங்க எங்க போய்ப் படிக்கிறதுன்னு தெரியாம நின்னாங்க. நவம்பர்ல சுப்ரீம் கோர்ட், பட்டம் கொடுக்கிற பகுதியை மட்டும் நீக்கிட்டு மிச்ச சட்டம் செல்லும்னு சொன்னது. கூடவே இன்னொரு விஷயம். "முஸ்லிம் பிள்ளைங்க எல்லாம் மதரஸாவுலதான் படிக்கிறாங்க"ன்னு ஒரு நம்பிக்கை பரவலா இருக்கு. 2006ல வந்த சச்சார் குழு அறிக்கைப்படி, பள்ளி வயசு முஸ்லிம் குழந்தைகள்ல மதரஸாவுக்குப் போறவங்க சுமார் 3 சதவீதம்தான். மிச்சப் பேர் நம்ம கூட, நம்ம பெஞ்ச்லதான்.

2022ல கர்நாடகாவுல ஹிஜாப் பிரச்சினை. தலையில துணி போட்டதுக்காகப் பெண் பிள்ளைகளை அரசுக் கல்லூரி கேட்டுக்கு வெளிய நிறுத்தினாங்க. சுப்ரீம் கோர்ட்ல ரெண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னாங்க. அந்தச் சமயத்துல ஒரு முஸ்லிம் அப்பா என்ன நினைப்பார்? "நல்லவேளை, எங்க சமூகம் நடத்துற ஒரு பள்ளியாவது இருக்கு." 30வது பிரிவு இந்த பயத்துக்காக எழுதினதுதான். பெரும்பான்மை எப்போ எந்த மூடுல இருக்கும்னு சொல்ல முடியாது, அதனால ஒரு சாவியாவது இவங்க கையில இருக்கட்டும்னு கொடுத்தது. அந்த சாவியைத் திருப்பிக் கேட்கிறவங்க, முதல்ல அந்த பயத்துக்குப் பதில் சொல்லணும்.

நம்ம ஊரு வரலாறும் இருக்கு. மத்தவங்க வாசல்ல விடாத காலத்துல, தீண்டத்தகாதவங்கன்னு ஒதுக்கினவங்களுக்கும் பெண்களுக்கும் கதவைத் திறந்ததுல மிஷன் பள்ளிகளுக்குப் பெரிய பங்கு இருக்கு. பாளையங்கோட்டையில சாரா தக்கர் கல்லூரி 1895லயே பெண்களுக்காக வந்தது. இந்த நிகழ்ச்சியைக் கேட்கிற பல பேரோட பாட்டி படிச்சது அந்த மாதிரி ஒரு பள்ளியாத்தான் இருக்கும்.

ஆனா என் கேள்வியே அங்கதான் ஆரம்பிக்குது. அந்தக் கதவு இன்னைக்கு யாருக்குத் திறந்திருக்கு?

2021ல தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஒரு அறிக்கை வெளியிட்டது. அந்த ஆணையத்தோட அரசியல் சாய்வு பத்தி விமர்சனம் உண்டு. எண்களை எடுத்துக்கிட்டு மிச்சத்தை நீங்களே எடை போடுங்க. மதச் சிறுபான்மைப் பள்ளிகள்ல படிக்கிறவங்கள்ல 62.5 சதவீதம் பேர் சிறுபான்மையினரே இல்ல. பொருளாதார, சமூக ரீதியாப் பின்தங்கிய பிள்ளைங்க 8.76 சதவீதம். இன்னொண்ணு: மதச் சிறுபான்மையினர்ல கிறிஸ்தவங்க 11.54 சதவீதம், ஆனா பள்ளிகள்ல 71.96 சதவீதம் அவங்களோடது. முஸ்லிம்கள் 69.18 சதவீதம், பள்ளிகள் 22.75 சதவீதம். ஆக "சிறுபான்மைப் பள்ளி"ன்னு ஒரே பெயர்ல நாம ரெண்டு வேற உலகத்தைப் பேசிக்கிட்டிருக்கோம். வாணியம்பாடியில ஒரு சின்ன உருது பள்ளி இருந்தா, அங்க வர்றதே பீடி சுத்துற, தோல் தொழிற்சாலையில வேலை பார்க்கிற குடும்பத்துப் பிள்ளைங்களாத்தான் இருக்கும். அங்க 25 சதவீதம்னு சொல்றதுல அர்த்தமே இல்ல, 90 சதவீதமே ஏழைகள். இன்னொரு பக்கம், பெருநகரத்துல சீட்டுக்கு சிபாரிசு கடிதம் தேடி அலைய வைக்கிற கான்வென்ட். ரெண்டுக்கும் ஒரே கேடயம்.

இந்த ரெண்டாவது வகையில படிச்சவங்க நிறையப் பேர் இதைக் கேட்டுக்கிட்டிருப்பீங்க. உங்களுக்குத் தெரியும். கிறிஸ்தவப் பிள்ளைங்க கேட்டகிசம் பீரியடுக்குப் போவாங்க, மிச்ச எல்லாரும் மாரல் சயின்ஸ். (பெற்றோர் சம்மதம் இல்லாம எந்தப் பிள்ளையையும் மத போதனையில உட்கார வைக்கக் கூடாதுன்னு 28(3) பிரிவே சொல்லுது. அதனாலதான் இந்த ஏற்பாடு.) மாரல் சயின்ஸ் பக்கம்தான் கிளாஸ் நிரம்பி வழியும். அப்படி இருந்தும் அந்தப் பள்ளியோட கிறிஸ்தவத் தன்மை போகலை. ஃபீஸ் கட்டுற வேற மதத்துப் பிள்ளைங்க முக்கால் கிளாஸ் உட்கார்ந்தா தன்மை போகாது, ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைங்க கால் கிளாஸ் வந்தா மட்டும் போயிடுமா? இந்தக் கேள்விக்கு இதுவரைக்கும் யாரும் எனக்குத் திருப்தியா பதில் சொல்லலை.

சரியாச் சொல்லணும்னா ஒரு பதில் இருக்கு. "யார் வர்றாங்க என்பது இல்ல விஷயம், யார் தேர்ந்தெடுக்கிறாங்க என்பதுதான். நாங்களா சேர்த்தா அது எங்க உரிமை, அரசு அனுப்பினா அது அரசோட கை." இதை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். இன்னைக்கு 25 சதவீதம்னு நுழையுற கை, நாளைக்கு ஹெட்மாஸ்டர் நாற்காலி வரை நீளும்னு பயப்படுறதுக்கு வரலாறு இருக்கு. ஆனா இந்த 25 சதவீதத்துல அரசு அதிகாரி ஆள் பார்த்துப் பொறுக்குறதில்ல. குலுக்கல். 1958ல கோர்ட் எழுப்பின "இழப்பை யார் தருவாங்க?" என்கிற கேள்விக்கும் சட்டத்துல பதில் இருக்கு, அரசு திருப்பித் தரும்னு. நடைமுறையில அந்தப் பணம் ஒழுங்கா வர்றதில்லைன்னு தனியார் பள்ளிகள் வருஷா வருஷம் புலம்புறாங்க. 2025ல மத்திய மாநில நிதித் தகராறுல தமிழ்நாட்டு ஆர்.டி.இ. சேர்க்கையே மாசக்கணக்கா இழுத்தது. அந்தக் குறை உண்மையானது. ஆனா அது எல்லாப் பள்ளிக்குமான குறை, சிறுபான்மைப் பள்ளிக்கு மட்டுமானது இல்ல.

"ஏழைப் பிள்ளைங்க வந்தா தரம் குறையும்"னு மெதுவாச் சொல்றவங்களுக்கு ஒரு ஆய்வு. கௌதம் ராவ் என்கிற பொருளாதார அறிஞர் டெல்லியோட பெரிய தனியார் பள்ளிகள்ல பண்ணினது, 2019ல வெளியாச்சு. ஏழை மாணவர்களோட சேர்ந்து படிச்ச வசதியான பிள்ளைங்க அதிகம் பகிர்ந்துக்கிட்டாங்க, ஏழைகள்கிட்ட பாகுபாடு காட்டுறது குறைஞ்சது. ரிலே ரேஸ் வெச்சு, யாரை டீம்ல எடுக்கிறாங்கன்னு பார்த்தே இதைக் கண்டுபிடிச்சாங்க. வேகமா ஓடுற ஏழைப் பையனை விட்டுட்டு, மெதுவா ஓடுற தன்னை மாதிரிப் பையனை எடுக்கிற பழக்கம் குறைஞ்சது. மார்க்ல பெரிசா எந்த பாதிப்பும் இல்ல.

இந்த விவாதத்துல யாருமே பேசாத ஒரு குழந்தை உண்டு. சபையோட சொந்தக் குழந்தை. தலித் கிறிஸ்தவக் குடும்பம். 1950 ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவரானா எஸ்.சி. அந்தஸ்து கிடையாது. தமிழ்நாட்டுல அவங்க பி.சி. பட்டியல்ல. ஞாயித்துக்கிழமை அதே சபையோட கோயில்ல பெஞ்ச் துடைக்கிறது அந்த அம்மா. திங்கட்கிழமை அதே காம்பவுண்டுல இருக்கிற பள்ளியில அவங்க பிள்ளைக்கு உரிமைன்னு கேட்க ஒரு வழியும் இல்ல. தயவுன்னு வேணா கேட்கலாம். பாதர் மனசு வெச்சா கன்செஷன் கிடைக்கும். பல பாதர்கள் மனசு வெக்கிறாங்க, அதையும் சொல்லணும். ஆனா உரிமைக்கும் தயவுக்கும் இருக்கிற தூரம், கேட்டு நின்னவங்களுக்குத்தான் தெரியும்.

2025 செப்டம்பர் 1ல சுப்ரீம் கோர்ட்டுல ரெண்டு நீதிபதிகள் அமர்வு கிட்டத்தட்ட இந்த இடத்துக்கு வந்து நின்னது. வழக்கு என்னவோ டெட் தேர்வு பத்தி. மகாராஷ்டிரா, தமிழ்நாட்டுச் சிறுபான்மைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் டெட் கட்டாயமான்னு. அதைப் பேசும்போது, பிரமதி தீர்ப்பே சரிதானா என்கிற சந்தேகத்தை எழுப்பி, பெரிய அமர்வுக்கு அனுப்பலாமான்னு தலைமை நீதிபதி முன்னாடி வெச்சாங்க. அவங்க கேட்ட கேள்விகள்ல ஒண்ணு: 25 சதவீதத்தை மொத்தமாத் தள்ளாம, குறைந்தபட்சம் அதே சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த அக்கம்பக்கத்து ஏழைக் குழந்தைகளுக்காவது பொருந்தும்னு படிச்சிருக்கலாமே?

கேட்க அழகா இருக்கு. நான் சொன்ன அந்த அம்மாவோட பிள்ளைக்கு ஒரு கதவு திறக்கும். ஆனா முழுசா ஒத்துக்க எனக்குத் தயக்கம் இருக்கு. அதே தெருவுல அடுத்த வீட்டுக் குழந்தை இந்து தலித். ரெண்டு குழந்தையும் ஒரே தண்ணி லாரிக்குக் குடம் தூக்குறவங்க. ஒருத்தருக்குச் சீட்டு, இன்னொருத்தர்கிட்ட மதச் சான்றிதழ் கேட்கிறதுன்னா, ஏழ்மைக்கும் மதம் பார்த்தாச்சு.

என் கணக்கு வேற மாதிரி. ஒரு பள்ளி தன் சமூகத்துப் பிள்ளைகளுக்காகவே நடக்குதுன்னா, அதாவது பெரும்பாலான இடம் அவங்களுக்கே போகுதுன்னா, 25 சதவீதத்தை அந்தச் சமூகத்து ஏழைகளை வெச்சே நிரப்பட்டும். ஆனா பாதிக்கு மேல வெளி ஆட்களை ஃபீஸ் வாங்கிச் சேர்க்கிற பள்ளி, தன் கதவு எல்லாருக்கும்னு ஏற்கெனவே முடிவு பண்ணிடுச்சு. அந்த "எல்லாரும்"ல குலுக்கல்ல வர்ற பிள்ளையும் இருக்கணும். அரசுச் சம்பளம் வாங்குற பள்ளிக்கு விலக்கே வேண்டாம். அடிக்கக் கூடாது, இன்டர்வியூ கூடாது, தகுதியான டீச்சர் வேணும் என்கிற விதிகள் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கட்டும். யாரை டீச்சரா, யாரை ஹெட்மாஸ்டரா வைக்கிறது, என்ன பிரேயர் சொல்றது என்பதுல அரசு மூக்கை நுழைக்க வேண்டாம்.

இதுல ஓட்டை இருக்கும். பாதிக்குக் கீழ காட்டுறதுக்காக வேற பிள்ளைகளைச் சேர்க்காம விடுவாங்களா? சில பள்ளி செய்யலாம். மிஷன் பள்ளிகளோட மிகப் பெரிய அழகே எல்லாரும் அங்க ஒண்ணா உட்கார்ந்ததுதான், அதை நாமே கெடுத்துடுவோமா என்கிற கவலை எனக்கும் உண்டு. உங்களுக்கு இதைவிட நல்ல வழி தெரிஞ்சா வாய்ஸ் நோட் அனுப்புங்க. குறிப்பா, சிறுபான்மைப் பள்ளியில டீச்சரா இருக்கிறவங்க, உங்க கிளாஸ்ல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு சொல்லுங்க. பேர், பள்ளி எதுவும் வேண்டாம்.

அடுத்த எபிசோடு முண்டசேரியும் விமோசன சமரமும். ஒரு பள்ளிக்கூட மசோதா எப்படி ஒரு அரசையே கவிழ்த்ததுன்னு பார்ப்போம்.